நாற்பத்தொரு விநாடி

மார்ச் 2

பெரிய நடுவர் அவர்களுக்கு,

நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. உங்கள் கால்பந்து ஆட்டங்களில் கோட்டோரம் கொடி பிடித்து ஓடுகிறாளே, அந்தப் பெண்ணின் பாட்டி நான். அவள் அம்மாவுக்கு வெளியூரில் வேலை. அதனால் ஒன்பது வயதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். உங்கள் முகவரியை அவளுக்கு வந்த பணி உத்தரவின் உறையிலிருந்து எடுத்தேன். திருடினேன் என்றே சொல்லலாம். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் வீட்டைவிட்டுத் துரத்துவாள். வீடு என் பெயரில் இருப்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். பெரிய டாக்டரிலிருந்து மேற்பார்வையாளர் வரைக்கும் எத்தனையோ பேர் எழுதியனுப்பிய குறைகளை வாசித்திருக்கிறேன். ‘விரிப்பில் கறை போகவில்லை’ என்று ஒருவர் எழுதுவார். எடுத்துப் பார்த்தால் அந்த விரிப்பு எங்களிடம் வந்தே இருக்காது. அதனால் ஒருவர் கையெழுத்துப் போட்டு எழுதிவிட்டார் என்பதற்காக அது நடந்துதான் இருக்கும் என்று நான் நம்பிவிடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வந்தவள் சட்டையைத் துவைக்கப் போடவில்லை. பையோடு மூலையில் வைத்துவிட்டாள். ஆறு வருடத்தில் அப்படி வைத்தது கிடையாது. புதன்கிழமை தபாலில் உங்கள் அறிக்கையின் நகல் வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் அம்மாவிடம் போனில் பேசினாள். கதவு சாத்தியிருந்தது. கதவு மெல்லிசு.

“நான் சைகையே குடுக்கலன்னு எழுதியிருக்காரும்மா. குடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துட்டு, போ போன்னு கையை ஆட்டினார்.”

இருபத்துநாலாம் தேதி நடுவர்களை விசாரிக்கும் குழு கூடுகிறதாம். உங்கள் அறிக்கையை வைத்து அவள் பெயரை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். எடுத்தால் எடுத்ததுதானாம்.

ஐயா, அவள் செய்யும் வேலை எனக்கு முழுதாகப் புரிவதில்லை. புரிந்த கொஞ்சத்துக்கே மூச்சு நின்றுவிடுகிறது. முதன்முதலில் அவள் தெருவில் பக்கவாட்டில் ஓடிப் பழகியபோது, ஐயோ, பெண்ணுக்கு இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது என்று எண்ணெய் காய்ச்சினேன். பிறகு ஒருநாள் தலையணைகளை வரிசையாக வைத்து ஆஃப்சைடு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தாள். நான் கேட்டேன்: “பந்தை உதைக்கிறவன் ஒரு பக்கம், கடைசியில நிக்கிறவன் இன்னொரு பக்கம். ஒரே நேரத்துல ரெண்டு பேரையும் எப்படிடி பாப்ப? உனக்கென்ன நாலு கண்ணா?”

“உதைக்கிறவனைப் பாக்கவே மாட்டேன் பாட்டி. கண்ணு கடைசி ஆள் மேல இருக்கும். உதைக்கிற சத்தத்தைக் காதால கேப்பேன்.”

நாற்பதாயிரம் பேர் கத்தும் இடத்தில் ஒரு பூட்ஸ் பந்தில் படும் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்கிறாள். என் வயிற்றில் பிறந்தவளுக்குப் பிறந்தவள்.

எனக்கு ஒரே கேள்வி. அவள் சைகை கொடுத்தாளா, இல்லையா? ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
கொடி பிடிக்கும் பெண்ணின் பாட்டி

பி.கு: மறுபக்கக் கோட்டில் ஓடுகிறவரை அவள் ‘தலையாட்டி’ என்று சொல்வாள். அவர் உங்களுக்குப் பிடித்தவர் என்றும் சொல்வாள். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

•

மார்ச் 7

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. விசாரணை நிலுவையில் இருக்கும்போது நடுவருக்கு அவர் வீட்டு முகவரியில் எழுதுவது முறையல்ல. இதை நான் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் வயதை எண்ணி ஒப்படைக்கவில்லை.

ஒரு வரி கேட்டீர்கள். ஒரு வரியில் சொன்னால் உங்களுக்கு விளங்காது. ஆகவே எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். கோல் விழுந்ததும் நடுவரின் கண் அந்தப் பக்கத்துத் துணை நடுவரிடம் போகும். கோல் சரி என்றால் துணை நடுவர் கோட்டோரமாக மைதானத்தின் நடுப்பகுதியை நோக்கி ஓட வேண்டும். ஏதோ தவறு, என்னை வந்து கேள் என்றால் அசையாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கொடியை உயர்த்துவதில்லை. உயர்த்தினால் கூட்டம் கொதித்துவிடும். ஓடினால் சம்மதம், நின்றால் ஆட்சேபம். ஆட்டம் திரும்பத் தொடங்கிவிட்டால் அந்தக் கோலை யாராலும் மாற்ற முடியாது.

அன்று எழுபத்தெட்டாவது நிமிடம் கோல் விழுந்தது. என் பார்வையில் அதில் பிழையில்லை. உங்கள் பேத்தியைப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அவள் புதிது. ஓட வேண்டும் என்பதே மறந்து விறைத்துப்போய்விட்டாள் என்று கருதினேன். ‘ஓடு’ என்று கையை அசைத்தேன். அப்போதும் ஓடவில்லை. ஆட்டத்தைத் தொடங்கினேன். ‘துணை நடுவர் தெளிவான சைகை தரவில்லை’ என்று எழுதினேன். நான் கண்டது அது.

பந்து கோல் அடித்தவரின் முன்கையில் பட்டு உள்ளே போனதாக மறுநாள் செய்திகள் வந்தன. எனக்கும் பந்துக்கும் நடுவே ஐந்து பேர் நின்றார்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு போட்டிப் பருவமாக உங்கள் பேத்தி என் அறையில் “சரி சார்” என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. கோபமா, பணிவா, கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படி ஒருத்தியோடு வேலை செய்வது எளிதல்ல. மறுபக்கத் துணை நடுவர் பதினொரு வருடமாக என்னோடு இருக்கிறார். ஒரு பிரச்சினை வந்ததில்லை.

இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடுவர்

•

மார்ச் 12

பெரிய நடுவர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். சரி, இது கடிதம் அல்ல, பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு வருடமாகப் பிரச்சினை வராததில் என்ன அதிசயம்? ஆட்டுவதற்கென்றே ஒரு தலை இருந்தால் பிரச்சினை எப்படி வரும்?

நிற்பதும் ஒரு சைகை என்று உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்ததும் எங்கள் மாடியில் இருக்கும் தையல்காரரிடம் போனேன். அவர் அன்று தோற்றுப்போன அணிக்காக உயிரை விடுகிறவர். அந்த ஆட்டத்தைப் போனில் வைத்துக்கொண்டு தினமும் ஒருதரம் பார்த்து வயிறெரிகிறார். “அந்தக் கோலைக் காட்டுப்பா” என்றேன். என் பேத்தி இன்னார் என்று அவருக்குத் தெரியாது. ஏதோ அலுவலகத்தில் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கோல் விழுந்தது. எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். எங்கே என் பெண் என்று தேடினேன். படத்தின் இடது ஓரம், கீழே, கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு மஞ்சள் சட்டை. தையல்காரர் அதைத் தொட்டுக் காட்டினார்.

“பாருங்க பாட்டிம்மா, இந்தக் கொடிக்காரப் பொண்ணை. தூங்குது! நின்னுக்கிட்டே தூங்குது!”

“தூங்குறவ இப்படி நிமிந்தா நிப்பா? ஓரமா உக்காந்து திரும்பப் போடு.”

பதினொரு தடவை போட வைத்தேன். ஒன்பதாவது தடவை கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி, ஐயா. அவளுக்குப் பின்னால் இருந்த கூட்டம் எழுந்து குதிக்கிறது. ஒருவன் வேலிக்கு மேலே தொங்கி அவள் முதுகைப் பார்த்துக் கத்துகிறான். தண்ணீர்ப் பாட்டில் ஒன்று அவள் காலடியில் வந்து விழுந்து உருள்கிறது. இரண்டு ஆட்டக்காரர்கள் ஓடிவந்து அவள் முகத்துக்கு நேரே கையை நீட்டிப் பேசுகிறார்கள். நீங்கள் தூரத்திலிருந்து கையை ஆட்டுகிறீர்கள். அவள் கொடி கீழே, கால் இரண்டும் சேர்ந்து, கழுத்து நேராக, உங்களையே பார்த்தபடி நிற்கிறாள். பாட்டிலைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

நான் அவளைக் குளிப்பாட்டியிருக்கிறேன், பேன் பார்த்திருக்கிறேன். பல்லி விழுந்தால் கட்டில் மேல் ஏறிக் கத்துகிறவள். இந்த மஞ்சள் சட்டைக்காரியை எனக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்ததால், துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிது. நீங்கள் விசில் ஊதுகிறீர்கள். ஆட்டம் தொடங்குகிறது. அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை, இல்லையா? நானாக இருந்தால் கொடியை எறிந்துவிட்டுப் போயிருப்பேன். சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டியையே ஒருமுறை எறிந்திருக்கிறேன். அவளோ பந்து நகர்ந்த அதே நொடியில் பக்கவாட்டில் ஓடத் தொடங்கிவிட்டாள். மூன்று நிமிடத்துக்குப் பிறகு ஆஃப்சைடுக்குக் கொடி தூக்குகிறாள். தையல்காரரே, “இது கரெக்ட்டுதான், முழங்கால் கடைசி ஆளைத் தாண்டி இருக்கு” என்றார். அவமானப்பட்டவளின் காலா அது? ஒரு தடுமாற்றம், ஒரு வேகக் குறைவு? தேடினேன். கிடைக்கவில்லை.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தீர்களா? பந்தைப் பார்க்காதீர்கள். இடது ஓரம், கீழே.

விறைத்துப்போனவள் அப்படித்தான் நிற்பாளா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அவள் பாட்டி

•

மார்ச் 17

மதிப்பிற்குரிய அம்மா,

தாமதமான பதில். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

என் ஆட்டங்களை நான் திரும்பப் பார்ப்பதில்லை. பார்த்தால் அடுத்த ஆட்டத்தில் கை நடுங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். இருபத்திரண்டு வருடம் அதைக் காப்பாற்றினேன். உங்கள் கடிதம் வந்த அன்று பார்த்தேன். இடது ஓரம், கீழே.

அவள் விறைத்துப்போகவில்லை.

எங்கள் வேலையைத் தெரிந்த எவருக்கும் அது ஒரு பார்வையில் விளங்கும். அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்று நினைத்தேனோ என்னவோ. நான் ஆறு வருடம் கோட்டோரம் ஓடியவன். அந்த ஆறு வருடத்தில் ஒரு முறைகூட நின்றதில்லை. இரண்டு தடவை நின்றிருக்க வேண்டும். நடுவில் இருக்கும் பெரியவர் கையைக் காட்டிவிட்டார், நமக்கென்ன என்று ஓடிவிட்டேன். பாட்டில் விழும் சத்தத்துக்கே நான் திரும்பியிருப்பேன்.

இதை எழுதிவிட்டேன் என்பதால் அறிக்கையை மாற்றிவிடுவேன் என்று எண்ண வேண்டாம். ஏப்ரல் நான்காம் தேதி இறுதி ஆட்டம். விசில் எனக்குத் தரப்பட்டிருக்கிறது. மே மாதம் எனக்கு நாற்பத்தைந்து வயது முடிகிறது. அதோடு எங்கள் விதிப்படி நான் வெளியே. ஒரு நடுவர் வாழ்நாளில் ஒரு இறுதி ஆட்டம் கிடைத்தால் பெரிது. எனக்கு இதுதான் முதல், இதுதான் கடைசி. துணை நடுவரின் சைகையைப் பார்த்தும் புறக்கணித்தேன் என்று எழுதிக்கொடுத்தால் அன்று மாலையே விசிலை வாங்கிக்கொள்வார்கள். என் மனைவி எல்லா உறவுக்காரர்களையும் அழைத்துவிட்டாள்.

மேலும் ஒன்று. அவள் பக்கம் முழு நியாயம் என்றும் சொல்ல முடியாது. துணை நடுவர்களின் கொடிப் பிடியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் என் கையில் கட்டியிருக்கும் பட்டை அதிரும். நிற்பதை நான் தவறாகப் புரிந்துகொண்டாலும், அதை அழுத்தியிருந்தால் ஆட்டத்தை நிறுத்தி அவளிடம் போயிருப்பேன். அவள் அழுத்தவில்லை. குழு இதைக் கட்டாயம் கேட்கும். ஏன் அழுத்தவில்லை என்று நீங்களே அவளிடம் கேட்டுப்பாருங்கள்.

நடுவர்

•

மார்ச் 20

ஐயா,

கேட்டேன்.

சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோலப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏண்டி, உன் கொடியில ஒரு பொத்தான் இருக்காமே?” என்றேன்.

“யார் சொன்னா?”

“தையல்காரர் சொன்னார்.” பொய்தான். வேறு வழி?

“இருக்கு.”

“அன்னைக்கு அழுத்தினியா?”

அவள் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதை நிறுத்தவில்லை. “அழுத்தல பாட்டி.”

“ஏன்?”

“அழுத்தல. அவ்வளவுதான்.”

“மறந்துட்டியா?”

 நகங்களைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு ஓடப் போய்விட்டாள். பெயரை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் தினமும் ஓடப் போகிறாள்.

ஐயா, நான் வாய் நீளமானவள். தப்பு நம் பக்கம் இருந்தால் வாயை மூடிக்கொள்ளவும் தெரியும். அவளும் ஒன்றை விட்டிருக்கிறாள் என்று தெரியாமல் முழுப் பழியையும் உங்கள் தலையில் வைத்து எழுதிவிட்டேன். தலையாட்டி என்று அந்த மனிதரைச் சொன்னதும் தப்பு. மன்னித்துவிடுங்கள். என் வாழ்க்கையில் மேற்பார்வையாளர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது இது இரண்டாம் தடவை. முதல் தடவை இஸ்திரிப் பெட்டிக்காக.

உங்கள் கடைசி ஆட்டம் நல்லபடியாக நடக்கட்டும். உங்கள் வீட்டம்மா அழைத்தவர்கள் எல்லாரும் வந்து பார்க்கட்டும்.

அவள் நின்றது நின்றதுதான். அதை மட்டும் நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அவள் பாட்டி

•

மார்ச் 25

அம்மா,

நேற்றுக் குழு கூடியது. உங்கள் பேத்தி வீட்டில் என்ன சொன்னாளோ தெரியாது. அவள் வழக்கத்தைப் பார்த்தால் “முடிஞ்சுது பாட்டி” என்றிருப்பாள். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆட்டத்துக்கு முன்னால், எங்கள் அறையில், நாங்கள் மூன்று பேரும் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்: “யாரும் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது. கை அதிர்ந்தா எனக்கு ஆட்டத்துல கவனம் போயிடுது. நான் உங்களைப் பார்த்துக்குவேன்.” அதற்கு முந்தின ஆட்டத்தில் மறுபக்கத்தவர் தவறுதலாக அழுத்தி, என் கை அதிர்ந்து, ஒரு நல்ல கோலை விசில் ஊதிக் கெடுத்திருந்தேன். அந்த எரிச்சல். உங்கள் பேத்தி “சரி சார்” என்றாள்.

அம்மா, அவள் அழுத்தாதது என் கட்டளை. அதை மறைத்து, ‘நீங்களே கேட்டுப்பாருங்கள்’ என்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் இருந்து இறங்க வேண்டிய இடத்தை இரண்டு முறை விட்டேன்.

அப்படியிருந்தும் நேற்று உள்ளே போகும்போது சொல்ல வேண்டும் என்ற முடிவோடு போகவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். இறுதி ஆட்டத்துக்கான சட்டை அளவு எடுத்து முடிந்திருந்தது.

நீண்ட மேசை. அந்தப் பக்கம் குழுவினர் மூன்று பேர். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர், வரிசையாக. தலைவர் படத்தைப் போட்டுப் பார்த்தார்.

“நீங்க நின்னது தெரியுதும்மா. ஆனா நடுவர் அதைத் தப்பா எடுத்துக்கிட்டார். பொத்தான் எதுக்கு இருக்கு? ஏன் அழுத்தல?”

“அழுத்தல சார்.”

“அதான் கேக்குறேன், ஏன்?”

“அழுத்தல சார்.”

“யாராவது அழுத்த வேண்டாம்னு சொன்னாங்களா?” இதை எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார். மறுபக்கத்தவர் உடனே இல்லை என்று தலையாட்டினார். உங்கள் வீட்டில் அவருக்கு வைத்திருக்கும் பெயரை நினைத்துக்கொண்டேன். நான் மேசையைப் பார்த்தேன். உங்கள் பேத்தி தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்படியே இருந்தா பேரை எடுக்கிறதைத் தவிர எங்களுக்கு வேற வழியில்லம்மா.”

“புரியுது சார்.”

எங்களுக்குள் எழுதாத ஒரு முறை உண்டு. ஆட்டத்துக்கு முன் நடுவர் அறையில் பேசியது அந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது. வீட்டுக்கும் போகக்கூடாது, குழுவுக்கும் போகக்கூடாது. இளையவர்கள் எல்லாருக்கும் இதை நான்தான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பேன். எல்லாரும் சரி என்பார்கள். பிறகு அவரவருக்கு நெருப்புச் சுடும்போது அவரவர் கக்கிவிடுவார்கள். நானும் கக்கியிருக்கிறேன். அதை ஒருவர் கடைசிவரை காப்பாற்றுவார் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

ஒரு வாக்கியம், அம்மா. ‘அவர்தான் வேண்டாம்னு சொன்னார்.’ சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவள் தப்பியிருப்பாள், நான் மாட்டியிருப்பேன். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கெஞ்சும் பார்வை ஒன்று இருந்திருந்தால் அவளைக் குறைவாக நினைத்து நான் தப்பித்துக்கொண்டிருப்பேன். குத்திக்காட்டும் பார்வை இருந்திருந்தாலும் தப்பித்திருப்பேன். இரண்டும் இல்லை. தலைவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அவள் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் எழுதி முடிப்பதற்குக் காத்திருந்தாள்.  இரண்டு பருவமாக என்னோடு ஒரே அறையில் பூட்ஸ் கட்டியவள் யார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

“அழுத்தக்கூடாதுன்னு சொன்னது நான்தான்” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. “நிக்கிறதைப் பார்த்தும் தொடங்கினது நான். அறிக்கையைத் திரும்பக் குடுங்க, மாத்தி எழுதித் தர்றேன்.”

மறுபக்கத்தவர் இதற்கும் ஆமாம் என்று தலையாட்டினார்.

முடிவு இது: அவள் பெயர் பட்டியலில் இருக்கிறது. இறுதி ஆட்டத்தில் அவள் கொடி அவளுக்கே. விசில் வேறொருவருக்கு. என்னை முழுதாக வெளியே தள்ளாமல் மாற்று நடுவராகப் போட்டிருக்கிறார்கள். ஓரமாக நின்று, ஆள் மாறும்போது எண் பலகையைத் தூக்கிக் காட்டும் வேலை. என் மனைவியிடம் சொன்னேன். அழைத்தவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பிறகு, “பலகை நல்லாத் தெரியுற பக்கமா எல்லாருக்கும் சீட்டு மாத்திக் குடுங்க” என்றாள்.

இத்துடன் உங்களுக்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது வரிசை. அவள் ஓடும் பக்கம்.

உங்கள் மன்னிப்பைத் திருப்பி அனுப்புகிறேன். அது என்னுடையது அல்ல.

நடுவர்

•

ஏப்ரல் 6

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். பாத்திரம் போனது. போகட்டும்.

அவள் வந்ததும் கேட்டேன். “அவர்தானே அழுத்த வேண்டாம்னாரு? எங்கிட்டகூட ஏண்டி சொல்லல?” அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உங்கள் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டையைக் கொண்டுவந்து, “காலர் மடிப்பு நேரா இருக்கணும், டிவியில தெரியும்” என்று என் முன்னால் வைத்தாள். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம், ஐயா. என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். நானே அவளைக் குற்றம் சொன்னேன், மறந்துட்டியா என்று கேட்டேன். வாயில் உண்மையை வைத்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வளர்த்தவள் நான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறேன். இதை நான் வளர்க்கவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சீட்டை வாங்கிக்கொண்டு போனேன். தையல்காரரைத் துணைக்கு அழைத்தேன். வாசலில் வைத்துத்தான், “அந்தத் தூங்குற பொண்ணு என் பேத்திப்பா” என்றேன். பாவம், சீட்டு வாங்காமலே திரும்பிப் போய்விடுவார்போல் இருந்தது. பிறகு வேறு வரிசையில் இடம் வாங்கிக்கொண்டார்.

அவ்வளவு பெரிய இடத்தை நான் கனவிலும் கண்டதில்லை. புல் அப்படி ஒரு பச்சை. கூட்டம் ஒரே நேரத்தில் மூச்சு விட்டால் கன்னத்தில் காற்று படுகிறது. சலவைக்கூடத்தில் பத்து இயந்திரம் ஒன்றாக ஓடும் சத்தத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். எனக்கே காது அடைத்துப்போனது. இதற்குள்ளேயா அவள் ஒரு பூட்ஸ் சத்தத்தைக் கேட்கிறாள்?

பிறகு அவள் வந்தாள். பத்தடி தூரம். என்னைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். ஆட்டம் தொடங்கியதும் நான் ஒன்றைக் கவனித்தேன். அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் பந்தோடு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவள் ஓடுகிறாள், நிற்கிறாள், திரும்புகிறாள், பின்னால் போகிறாள். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு முழு ஆட்டத்தையும் அவள் தனியாக ஆடி முடிக்கிறாள். கொடி உயர்ந்தால் மட்டும் இருபத்திரண்டு பேரும் அப்படியே நிற்கிறார்கள். என் முழங்கை உயரம் இருந்தவள்.

உங்களையும் பார்த்தேன். எண் பலகையோடு நிற்கிறீர்கள், அழகாக, சட்டை மடிப்புக் கலையாமல். உங்களுக்குப் பின்னால் இரண்டு வரிசை முழுக்க உங்கள் உறவுக்காரர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் பலகையைத் தூக்கியபோதெல்லாம் எழுந்து கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள், யாருக்கடா இந்தக் கைதட்டல் என்று விழித்தார்கள். உங்கள் வீட்டம்மா நீலப் புடவையா? இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்களே, அவர்தானே?

பலகை தூக்காத நேரமெல்லாம் உங்கள் கண் எங்கே இருந்தது என்பதையும் பார்த்தேன். பந்து மறுபக்கம் போனபோதும் நீங்கள் கோட்டைத்தான் பார்த்தீர்கள். ஆக, அந்த இடத்தில் அவளைப் பார்த்தது நாம் இரண்டு பேர்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பக்கம் எல்லாரும் அழுதார்கள், ஒரு பக்கம் எல்லாரும் குதித்தார்கள். அவள் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் ஏதோ கேட்டீர்கள். அவள் சிரித்தாள். இரண்டு சொல்லுக்கு மேல் பேசினாள், விரல் விட்டு எண்ணினேன். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், “எப்படி இருந்துச்சு பாட்டி?” என்றாள். “நல்லா இருந்துச்சு” என்றேன். வேறு என்ன சொல்ல? 

ஐயா, ஒரு உதவி வேண்டும். தையல்காரர் எப்போது பார்த்தாலும் அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றியே பேச வருகிறார். நான் தலையை ஆட்டிக்கொண்டே தப்பித்து வருகிறேன். அவளிடம் கேட்டால் சிரிப்பாள். முழு ஆட்டமும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தவள் நான்.

யார் ஜெயித்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவள் பாட்டி